இரத்தக் கொதிப்பா, இரத்த அழுத்தமா?

தக்கலை பக்கம் இருக்கும் என் சித்தி இரண்டு மாதமாகப் பிரஷர் மாத்திரை போடவில்லை. கேட்டால், "எனக்குக் கோவமும் இல்ல, தலை கிறக்கமும் இல்ல, பின்ன என்ன கொதிப்பு மக்ளே?" என்கிறார். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தோம், 170/100.

அவரை அப்படி நினைக்க வைத்தது 'இரத்தக் கொதிப்பு' என்ற சொல்தான். கொதித்தால் உடம்புக்குத் தெரிய வேண்டுமே! ஆனால் இந்த நோய் பெரும்பாலானவர்களுக்கு வருஷக்கணக்கில் ஒரு அறிகுறியும் காட்டாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

பிரஷர் என்பதற்கு லத்தீன் வேரில் 'அமுக்குதல்' என்று பொருள். நம்மிடம் அழுத்து, அழுந்து என்று இரண்டு வினைகள் இருக்கின்றன: இரத்தம் அழுத்துகிறது, குழாய்ச் சுவர் அழுந்துகிறது. நடப்பது அதுதான், அதனால் இரத்த அழுத்தமே சரியான சொல். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண், தளரும்போது உள்ளது கீழ் எண். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குதிரையின் தமனியோடு கண்ணாடிக் குழாயை இணைத்துப் பார்த்தார், இரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறி நின்றது, 1733இல் அதை நூலாகவே வெளியிட்டார். அவ்வளவு விசை.

ஹைப்பர்டென்ஷனில் உள்ள 'டென்ஷன்' இழுபடும் விறைப்பைச் சொல்வது, நாம் சொல்லும் மனப் பதற்றத்தை அல்ல. ஆகவே 'டென்ஷன் ஆகாம இருந்தா போதும்' என்பதும் தவறு. தமிழில் உயர் இரத்த அழுத்தம்.

அப்புறம் கொலஸ்ட்ரால். கிரேக்கத்தில் கோலே என்றால் பித்தம், ஸ்டீரியோஸ் என்றால் திடமானது. முதலில் பித்தக்கல்லில் கண்டதால் அந்தப் பெயர். நாம் பொதுவாகக் 'கொழுப்பு' என்கிறோம், அதில் நெய், எண்ணெய் எல்லாம் அடங்கிவிடும். இங்கேதான் நம் ஊருக்குச் சிக்கல். தேங்காயெண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை, ஆனால் அதில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு நம் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். துவரனுக்கும் அவியலுக்கும் தாராளமாக ஊற்றுகிற நமக்கு இந்த வேறுபாடு தெரிந்தே ஆக வேண்டும். அதனால் பொருளைக் கொலஸ்ட்ரால் என்றே எழுதலாம், பரிசோதனையில் பார்க்கும் மொத்தத்தையும் இரத்தக் கொழுப்பு என்று சொல்லலாம்.

சித்தி மறுநாளே டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்கிவிட்டார். கருவாட்டைக் குறைக்கத்தான் மனசு வரவில்லை, ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுக்களைக் காலண்டரில் எண்களைக் குறிக்கிறார், மேலே 'அழுத்தம்' என்று எழுதி.