கொடிவழிப் பக்கங்களைப் புதுப்பிக்கும் முன்: கிராம்ப்ஸ் பயன்படுத்துவோர் கவனத்துக்கு

குடும்ப மர மென்பொருளில் ஆயிரம் பேரின் விவரத்தை ஏற்றி அறிக்கையை ஓட்டினால், ஆளுக்கு ஒன்றாக ஆயிரம் எச்டிஎம்எல் பக்கங்கள் வந்துவிடும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் இப்படி எடுத்து ஏற்றிய பக்கங்கள் இன்று கைபேசியில் எறும்பு எழுத்தாகத் தெரிகின்றன. சட்டகங்களாகப் பிரித்த பக்கம் என்றால், தேடுபொறி வழியாக வருகிறவருக்கு இடப்பக்கப் பெயர்ப் பட்டியலே தெரியாது. இவற்றைப் புதுப்பிக்க இறங்குகிற பலர் பக்கங்களைத் திறந்து கையால் திருத்தத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புதிதாகப் பிறந்த ஒரு குழந்தையைச் சேர்த்து அறிக்கையை மறுபடி ஓட்டினால், கைத்திருத்தம் அத்தனையும் போய்விடும். திருத்தத்தைத் தரவில் செய்யுங்கள், அறிக்கையின் அமைப்புகளில் செய்யுங்கள். தோற்றத்துக்கு மட்டும் தனியாக ஒரு சிஎஸ்எஸ் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணமில்லாத கிராம்ப்ஸ் மென்பொருளின் 'நேரேட்டட் வெப் சைட்' அறிக்கையை வைத்தே இங்கே விளக்குகிறோம். மற்ற மென்பொருள்களிலும் சிக்கல்கள் ஏறக்குறைய இவையேதான்.

நிறத்தையும் எழுத்துருவையும் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது, உயிரோடு இருப்பவர்களின் விவரம். முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தாயின் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைத்தால், கடவுச்சொல் மீட்புக் கேள்விகளுக்கு விடையை நாமே எழுதிக் கொடுத்தது போலாகும். உயிரோடு இருப்பவர்களை என்ன செய்வது என்று அறிக்கை அமைப்பில் கிராம்ப்ஸ் கேட்கும். அதில் 'இயற்பெயரை மட்டும் மறைத்து, குடும்பப் பெயரைக் காட்டு' என்ற வகைத் தேர்வு நமக்குப் பாதுகாப்பானதல்ல. பாஸ்போர்ட் படிவத்தைப் பார்த்துப் பழகிய பலர், ஆளின் சொந்தப் பெயரையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிரப்பி வைத்திருப்பார்கள். அப்போது மென்பொருள் வெறும் இனிஷியலை மறைத்துவிட்டு உண்மைப் பெயரை வெளியே காட்டிவிடும். முழுப் பெயரையும் மறைக்கும் தேர்வையோ, உயிரோடு இருப்பவர்களை அடியோடு நீக்கும் தேர்வையோ எடுங்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இறப்புக்கு ஆதாரம் எதுவும் கிடைக்காவிட்டால் ஆள் உயிரோடு இருப்பதாகத்தான் கிராம்ப்ஸ் கொள்ளும். இயல்பான வயது வரம்பு 110. தேதியே இல்லாத கொள்ளுத் தாத்தாவும் இதனால் பக்கங்களிலிருந்து காணாமல் போகலாம். நம் வீடுகளில் பிறந்த தேதி இருக்காதே தவிர, தடயம் இருக்கும். 'தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தை' என்று ஒரு பாட்டி சொல்லி வைத்திருந்தால், பிறப்பு 'சுமார் 1876' என்று பதியுங்கள். 'சுமார்', 'முன்', 'பின்' ஆகியவற்றுடன் தேதி பதிய மென்பொருளிலேயே இடம் உண்டு. அந்த ஓர் உள்ளீடு போதும், அவர் பக்கத்துக்குத் திரும்பி வந்துவிடுவார்.

சிஎஸ்எஸ் கொண்டு மறைத்தால் மறைந்ததாகாது. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கும் எவருக்கும் அது தெரியும். தேடல் வசதிக்காக நீங்களே ஒரு பெயர்க் கோப்பு தயாரித்திருந்தால், அதையும் வடிகட்டிய தரவிலிருந்தே எடுங்கள். குழுப் படங்களின் விளக்க வரிகளையும் குறிப்புகளையும் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவற்றுக்குள் எழுதிய பெயர்களை எந்த வடிகட்டியும் பிடிக்காது. இன்னொன்று: புதிய பக்கங்களைப் பழைய கோப்புறையின் மேலேயே ஏற்றாதீர்கள். முன்பு உருவாகி இப்போது விலக்கப்பட்டவரின் பக்கம், எந்த இணைப்பும் இல்லாமல் சர்வரில் அப்படியே கிடக்கும். தேடுபொறி அதை மறக்காது. கோப்புறையைக் காலி செய்துவிட்டு ஏற்றுங்கள்.

அடுத்தது எழுத்துக் குறியாக்கம். 2013இல் கைவிடப்பட்ட 'பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல்' போன்ற பழைய மென்பொருளிலிருந்து ஜெட்காம் (குடும்ப மர மென்பொருள்களுக்கிடையே தரவை மாற்றும் பொது வடிவம்) கோப்பாக எடுத்து வருகிறவர்கள் பலர். அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் குறியாக்கம் 'ஆன்செல்' (லத்தீன் எழுத்துக்கான பழைய முறை) என்று இருந்தால் அதில் தமிழுக்கு இடமே இல்லை. 1999இல் வரைவாக வந்த ஜெட்காம் 5.5.1 பதிப்புதான், யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறைக்கு வழிவிட்டது. 2021இல் வந்த 7.0 பதிப்பில் யூடிஎஃப்-8 மட்டுமே. பாமினி எழுத்துருவிலோ டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களிலோ தட்டிய பெயர்களை யூனிகோடுக்கு மாற்றாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். மாற்றிய பின்னும் பக்கத்தில் ஓர் எழுத்துக்கு மூன்று கிறுக்கல் வீதம் தெரிந்தால் தரவு கெடவில்லை. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அவற்றை உலாவி மூன்று லத்தீன் எழுத்தாகப் படிக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் சரியாக அறிவித்திருந்தும் இப்படி வந்தால் சர்வர் அமைப்பைப் பாருங்கள். சர்வர் அனுப்பும் குறியாக்க அறிவிப்பு பக்கத்துக்குள் இருப்பதை மிஞ்சிவிடும்.

பெயர் அகரவரிசையும் கெட்டுத்தான் இருக்கும். யூனிகோடு எண் வரிசையில் ந-வை அடுத்து ன வருகிறது, ர-வை அடுத்து ற. புள்ளி வைத்த எழுத்து, ஔகார எழுத்துக்கும் பின்னால் போய்விடுகிறது. பைஐசியு என்ற துணை நிரலை நிறுவி, அறிக்கையின் மொழியைத் தமிழாக வைத்தால் கிராம்ப்ஸ் மொழி மரபுப்படி அடுக்க முயலும். தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருந்தால் அதன் வகையைத் 'தந்தைவழி' என்று குறியுங்கள். நம் குடும்பங்களில் அப்பாவுக்கும் மகனுக்கும் இனிஷியல் வேறு வேறு, ஆகவே குடும்பப் பெயர்ப் பட்டியலால் பயனில்லை. ஊர்ப் பட்டியலையோ வீட்டுப் பெயரையோ முகப்பில் வைப்பது உறவினருக்கு உதவும்.

இப்போது தோற்றத்துக்கு வரலாம். உங்கள் விதிகளைத் தனி சிஎஸ்எஸ் கோப்பில் எழுதி, அறிக்கை ஓடி முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதற்கான இணைப்பு வரியைச் சேர்க்க ஒரு சிறு பைத்தான் நிரல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பக்கங்களில், திரையின் அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி இராது. அது இல்லாவிட்டால் கைபேசி உலாவி பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலமாக எண்ணிச் சுருக்கிவிடும். எழுத்து சிறுத்துப் போவது இதனால்தான். அந்த வரியையும் அதே நிரல் சேர்க்கட்டும். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். தமிழுக்கு வரி உயரம் 1.6 முதல் 1.8 வரை வையுங்கள். மேலே ஈகாரச் சுழியும் கீழே உகரக் காலும் அடுத்த வரியை இடிக்காது. எழுத்து இடைவெளியைக் கூட்டும் விதியைத் தமிழுக்குப் போடவே கூடாது. நிகழ்வு அட்டவணைகளைப் பக்கவாட்டில் நகரும் உறைக்குள் வையுங்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்த படங்களை அப்படியே ஏற்றாமல் 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, படத்துக்குள் பதிந்த இருப்பிடத் தகவலையும் நீக்குங்கள்.

முன்னோர் வரைபடம்தான் அதிகம் சோதிக்கும். ஐந்து தலைமுறைக்கு 31 கட்டங்கள். கட்டம் 160 பிக்சல் என்றால் ஐந்து வரிசைக்கு 800 பிக்சல், கைபேசித் திரையோ சுமார் 400தான். சிறு திரைக்குக் கட்டத்தைச் சற்றுச் சுருக்கி, மூன்று தலைமுறை, ஏழு கட்டங்களே போதும். மீதியை உள்தள்ளிய பட்டியலாகக் கொடுங்கள். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்த தம்பதியின் பிள்ளைக்குக் கொள்ளுத் தாத்தா பாட்டி எட்டுப் பேரல்ல, ஆறு பேர். அக்காள் மகளை மணந்திருந்தால் ஒரே ஆள் தாத்தாவாகவும் கொள்ளுத் தாத்தாவாகவும் இரண்டு தலைமுறையில் நிற்பார். நீங்களே வரைபடம் எழுதும்போது ஆளின் எண்ணையே கட்டத்தின் அடையாளமாக வைத்தால், ஒரே அடையாளம் இருமுறை வந்து இணைப்பு தவறான கட்டத்துக்குப் போகும். ஆளின் எண்ணோடு கட்டத்தின் இட எண்ணையும் சேர்த்து அடையாளமாக்குங்கள். இரண்டாவது கட்டத்தில் 'மேலே காண்க' என்று இணைப்பு கொடுங்கள். இந்த உறவை மென்பொருளின் பிழை என்று நினைத்து யாரும் தரவிலிருந்து நீக்கிவிடக் கூடாது.

கடைசியாக முகவரிகள். கிராம்ப்ஸ் ஒவ்வொருவர் பக்கத்துக்கும் தன் உள் அடையாளத்தைக் கொண்டே கோப்புப் பெயர் வைக்கிறது. புதிய கணினிக்கு மாறும்போது ஜெட்காம் வழியாகத் தரவை எடுத்துச் சென்றால் அந்த அடையாளங்கள் புதிதாகப் பிறக்கும். உறவினர்கள் சேமித்து வைத்த இணைப்புகள் அனைத்தும் முறியும். கிராம்ப்ஸின் சொந்த எக்ஸ்எம்எல் வடிவில் எடுத்து, காலியான புதிய மரத்தில் ஏற்றினால் அடையாளங்கள் மாறாது. வேறு மென்பொருளிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வழி இல்லை. பழைய கோப்புறையைக் காலி செய்யும் முன் அதிலுள்ள கோப்புப் பெயர்களையும் அந்தந்த ஆளின் பெயரையும் ஒரு பட்டியலாக எடுத்து வைத்து, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 (நிரந்தர இடமாற்றம்) திசைமாற்றம் எழுதுங்கள். விலக்கப்பட்டவர்களின் பழைய முகவரிகளுக்குத் திசைமாற்றம் வேண்டாம், 410 விடையை அனுப்பச் சொல்லுங்கள். பக்கம் நிரந்தரமாக நீக்கப்பட்டது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அதுதான்.