ஜவாப்தாரி: ஏஐ கெடுத்தால் யாரைக் கேட்பது?

ஜவாப்தாரி: ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள். அந்தக் கடமைக்கும் இதே சொல்தான். 'ஜவாப்' அரபு, பதில் என்று பொருள். 'தார்' பாரசீகம், ஜமீன்தாரிலும் தாசில்தாரிலும் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான், 'வைத்திருப்பவர்' என்று பொருள். ஆக, பதிலைக் கையில் வைத்திருப்பவர். ராஜாஜி சாலைப் பதிவு அலுவலகத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர்களுக்கு இது பழகின சொல். விற்ற இடத்தில் பின்னாளில் வில்லங்கம் கிளம்பினால் நானே ஜவாப்தாரி, என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவேன் என்று பழைய கிரயப் பத்திரங்களில் எழுதிக் கொடுப்பார்கள். 'சொந்தச் செலவில்' என்பதைக் கவனியுங்கள். வாயால் பதில் சொன்னால் போதாது, காசும் இறங்க வேண்டும்.

இப்போது இந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு 'பொறுப்பு' என்கிறோம். நல்ல தமிழ்தான். பொறு என்றால் தாங்கு, சும. ஆனால் அது ரொம்பவும் சுமக்கிறது. வீட்டுக்குக் காசு கொடுக்கிற பிள்ளை பொறுப்பானவன். மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அமைச்சர். வண்ணாரப்பேட்டை வண்டி ஸ்டாண்டு டோக்கனின் பின்பக்கம் 'பொருட்கள் காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல'. ஆங்கிலச் சட்டக்காரர்கள் இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: ரெஸ்பான்சிபிலிட்டி, அக்கவுண்டபிலிட்டி, லயபிலிட்டி. முதலாவதை எந்தக் கம்பெனியும் சந்தோஷமாக ஏற்கும். 'பொறுப்பான ஏஐ' என்று மாநாடே நடத்தும். மூன்றாவதைச் சொன்னால்தான் வக்கீல் வருவார்.

அக்கவுண்டபிலிட்டி என்பது கணக்கு ஒப்பிப்பது. தமிழ்நாட்டில் 'பொறுப்புடைமை' என்கிறோம், ஈழத்தில் 'பொறுப்புக்கூறல்'. என் ஓட்டு ஈழத்துக்கு. வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. லயபிலிட்டியின் வேர் லத்தீனில் 'கட்டு'. நம்முடைய 'பிணை'யும் கட்டுவதுதான், ஆனால் அதை ஜாமீன் எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் 'இழப்பீட்டுப் பொறுப்பு' என்றே எழுதலாம். நீளம்தான், ஆனால் நழுவ முடியாது. ஜெயிலுக்குப் போகிற சங்கதிக்குக் 'குற்றப் பொறுப்பு' தனியாக இருக்கட்டும்.

சரி, ஏஐ விஷயத்தில் இந்தப் பிரிவினை எதற்கு? எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி இடித்தால் டிரைவர் மேல் வழக்கு, நஷ்ட ஈட்டுக்கு ஓனரும் இன்ஷூரன்ஸும். யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே இல்லை. ஏஐயில் டிரைவர் சீட்டு காலி. காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா வங்கியில் போட்ட கடன் மனுவை, ஏஐ வைத்து முடிவெடுக்கும் ஒரு ஆப் தள்ளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆப்காரர் 'உள்ளே முடிவெடுக்கிற ஏஐ மாடல் எங்களுடையது இல்லை' என்பார். மாடல் செய்தவர் 'எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது' என்பார். வங்கி 'சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு' என்று முடித்துவிடும். சிஸ்டம் என்ன, அந்த அக்காவுக்கு ஜவாப் சொல்லுமா?

சொல்லும் என்று வாதாடியே பார்த்தார்கள். ஏர் கனடா விமானக் கம்பெனியின் சாட்பாட், அதாவது கேள்விக்குத் தானே பதில் எழுதும் மென்பொருள், ஒரு பயணிக்குத் துக்கப் பயணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. வழக்கு வந்தபோது, சாட்பாட் தனி நபர் போல, அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரி கம்பெனி தரப்பு பேசியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. உன் வலைத்தளத்தில் இருப்பதெல்லாம் உன் பேச்சுதான் என்று சொல்லி, ஏறக்குறைய 812 கனடிய டாலர் கட்ட வைத்தது. தொகை சிறிசு. ஆனால் பணம் போனது சாட்பாட் பையிலிருந்து இல்லை.

நம் ஊர்ச் சட்டத்தில் இதைவிடக் கறாரான ஒரு கொள்கை உண்டு. 1985 டிசம்பரில் டெல்லியில் ஓலியம் என்ற நச்சு வாயு கசிந்த வழக்கில், அபாயமான தொழில் நடத்துபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கெடுதலுக்கு ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கசிந்த அமோனியா நெடியில் வீட்டைவிட்டு ஓடிய பெரியகுப்பத்து ஜனங்களுக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டாம். எல்லா ஏஐக்கும் இவ்வளவு கடுமை கூடாது. கவிதையைக் கெடுத்ததற்கு யாரும் ஈடு கேட்கப் போவதில்லை. ஆனால் கடன், வேலை, வைத்தியம், முகம் பார்த்துக் குற்றவாளி என்று காட்டும் போலீஸ் கேமரா, இவற்றுக்கு வேண்டும் என்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டமும் அபாயத்தை வைத்தே தரம் பிரிக்கிறது. தடைசெய்ததைச் செய்தால் அபராதம் மூன்றரைக் கோடி யூரோ வரை, அல்லது உலக விற்றுமுதலில் 7 சதவீதம் வரை. இதில் எது பெரிதோ அது. ஆனால் அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். அடிபட்டவர் கைக்கு வருவது இழப்பீடுதான்.

இங்கே அந்த இழப்பீட்டுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பிடிக்கலாமா? தயாரிப்பாளர், விற்பவர், சேவை தருபவர் மூவர் மேலும் வழக்குப் போட அதில் வழி இருக்கிறது. ஆனால் 'பொருள்' என்பதற்கு அதில் தந்திருக்கும் விளக்கத்தைப் பாருங்கள்: வாயு, திரவம், திடம் என ஏதாவதொரு நிலையில் இருக்கலாமாம். அமோனியா இதில் அடங்கிவிடும், சாட்பாட்டை எந்த நிலையில் சேர்ப்பது என்று வக்கீல்கள் இழுப்பார்கள். ஐரோப்பாவில் அந்தச் சந்தேகம் கிடையாது. மென்பொருளும் பொருளே என்று 2024லேயே நெறியுரை போட்டுவிட்டார்கள். உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் ஏற்றக் கெடு, 2026 டிசம்பர் 9.