புராடக்ட் பிளேஸ்மென்ட்: தமிழில் செருகு விளம்பரம்

நம்மூரில் 'பிளேஸ்மென்ட்' என்றதும் நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரியின் கடைசி வருடம்தான். கேம்பஸுக்கு எத்தனை கம்பெனி வந்தது, பேக்கேஜ் எவ்வளவு என்ற பேச்சு. சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் அதே சொல்லுக்கு வேறு வேலை. அங்கே சோப்புக்கும் சட்டைக்கும் செல்போனுக்கும்தான் இடம் பிடித்துக் கொடுக்கிறார்கள். ஒரு நிறுவனம் பணமோ பண்டமோ பதிலுதவியோ கொடுத்து, தன் பொருளைக் கதைக்குள்ளேயே காட்ட வைப்பதற்குப் பெயர் புராடக்ட் பிளேஸ்மென்ட். இடைவேளை விளம்பரம் என்றால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இது கதாநாயகியின் சமையலறை அலமாரியில், லேபிள் கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். மாமியார் திட்டிக்கொண்டே எண்ணெய் பாக்கெட்டை எடுப்பார். பெயர் மறையாதபடி விரல்கள் ஓரத்தில் பிடித்திருக்கும். வீட்டில் யாரும் பாக்கெட்டை அப்படிப் பிடிப்பதில்லை.

மேலே சொன்ன விளக்கத்தில் 'கொடுத்து' என்பதுதான் உயிர்நாடி. ஒரு பொருள் திரையில் தெரிகிறது என்பதாலேயே அது பிளேஸ்மென்ட் ஆகிவிடாது. 2000-ல் வந்த 'காஸ்ட் அவே' படத்தில் ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனம் முதலிலிருந்து முடிவுவரை வருகிறது. நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஃபிரெட் ஸ்மித்தே ஒரு காட்சியில் அவராகவே தோன்றுகிறார். பார்த்தவர்கள் பெரிய தொகை கைமாறியிருக்கும் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் இடம்பெறுவதற்கென்று ஃபெடெக்ஸ் கட்டணம் தரவில்லை. படப்பிடிப்புக்கு விமானமும் வண்டிகளும் தன் வளாகங்களும் கொடுத்து ஒத்துழைத்தது. என் கணக்கில் இதுவும் பிளேஸ்மென்ட்தான். காசு இல்லை, பண்டம் உண்டு.

பெயர் பிந்தியது என்றாலும் பழக்கம் ரொம்பப் பழையது. லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பரில். அடுத்த வருடமே ஸ்விட்சர்லாந்தில் எடுத்த அவர்களுடைய குறும்படம் ஒன்றில் பெண்கள் தொட்டியில் துணி துவைக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பெயர் தெரியும்படி சன்லைட் சோப்புப் பெட்டிகள். அந்த நாட்டில் லூமியேர் கருவிக்கு உரிமம் வைத்திருந்த லவான்ஷி கிளார்க் என்பவர்தான் அங்கே சன்லைட்டுக்கும் பிரதிநிதி. ஆக, சினிமா ஒரு வயதைத் தாண்டுவதற்குள் சோப்பு உள்ளே வந்துவிட்டது.

அப்போது இதற்குத் தனிப்பெயர் கிடையாது. பின்னால் ஹாலிவுட்டில் 'டை-அப்', 'டை-இன்' என்றார்கள். 'டை-அப்' என்ற சொல் நம் கோடம்பாக்கத்திலும் இன்றுவரை புழங்குகிறது. வானொலிக் காலத்து அமெரிக்காவில் 'ப்ளக்' என்ற சொல் இருந்தது. நகைச்சுவைக் கலைஞர் பேச்சோடு பேச்சாக ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிவிடுவார், பதிலுக்கு ஏதாவது பரிசுப்பொருள் வந்து சேரும். ப்ளக் என்றால் ஓட்டையில் செருகுவது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ச்சொல்லுக்கு வரும்போது உதவும்.

'புராடக்ட் பிளேஸ்மென்ட்' என்ற பெயர் பரவலாக நிலைத்தது 1980-களில். 1982-ல் வந்த 'ஈ.டி.' படத்தை இதன் பிள்ளையார் சுழி போலப் பலர் சொல்வார்கள். வேற்றுக்கிரகக் குட்டியை மிட்டாய் போட்டு வரவழைக்கும் காட்சிக்கு முதலில் எம் அண்ட் எம்ஸ் மிட்டாயைக் கேட்டார்கள்; அதைத் தயாரித்த மார்ஸ் நிறுவனம் மறுத்துவிட்டது. போட்டிக் கம்பெனியான ஹெர்ஷி ஒப்புக்கொண்டது, அதன் ரீசஸ் பீசஸ் மிட்டாய் படத்தில் வந்தது. ஹெர்ஷி காட்சிக்கென்று கட்டணம் கட்டவில்லை; படத்தையும் மிட்டாயையும் சேர்த்து விளம்பரப்படுத்த 10 லட்சம் டாலர் செலவு செய்ய ஒப்புக்கொண்டது. மிட்டாய் விற்பனை எகிறியது.

ஆனால் சொல்லின் வரலாற்றுக்கு எனக்குப் பொருத்தமாகப் படுவது கண்ணாடிக் கதைதான். ரே-பேன் நிறுவனத்தின் வேஃபேரர் என்ற கறுப்புக் கண்ணாடி 1950-களின் மோஸ்தர். 1981-ல் வெறும் 18,000 விற்று, உற்பத்தியை நிறுத்திவிடலாமா என்ற நிலைக்கு வந்திருந்தது. 1982-ல் ரே-பேன் கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் இருந்த ஒரு முகமை நிறுவனத்தோடு வருடத்துக்கு 50,000 டாலர் ஒப்பந்தம் போட்டது. அந்த முகமையின் பெயரே யுனிக் புராடக்ட் பிளேஸ்மென்ட். தொழிலின் பெயரைக் கடைப் பலகையிலேயே எழுதியிருந்தார்கள். இப்படிப்பட்ட முகமைகள் திரைக்கதையைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கிப் படித்து, எந்தப் பக்கத்தில் கதாபாத்திரம் கண்ணாடி போடும், எங்கே காபி குடிக்கும் என்று குறித்துக்கொண்டு, கலை இயக்குநருக்கும் உடை வடிவமைப்பாளருக்கும் பொருளைப் பெட்டி பெட்டியாக அனுப்பிவைக்கும். அடுத்த வருடம் 'ரிஸ்கி பிசினஸ்' படத்தில் டாம் குரூஸ் வேஃபேரரை மாட்டிக்கொண்டார். 1983-ல் விற்றது 3,60,000. அப்புறம் வந்த சில வருடங்களில் ஆண்டுக்கு 60-க்கும் மேற்பட்ட படங்களிலும் தொடர்களிலும் ரே-பேன் தலைகாட்டியது.

காசு தராத பிராண்டுக்கு நேரெதிர் மரியாதை. மடிக்கணினியின் முதுகில் இருக்கும் சின்னத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவார்கள், தண்ணீர் பாட்டிலின் லேபிளைக் கிழிப்பார்கள். இதற்கு ஆங்கிலத் திரைத்தொழிலில் 'கிரீக்கிங்' என்று பெயர், கிரேக்க எழுத்துபோல யாருக்கும் படிக்க வராமல் ஆக்குவது. தமிழில் 'பெயர் மறைத்தல்' என்றாலே போதும்.

துணிமணிக்கு வந்தால் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. எண்ணெய் பாக்கெட்டில் பெயர் எழுதியிருக்கும். நல்ல கோட்டில் பெயர் உள்பக்கம்தான் இருக்கும். திரையில் தெரிவது தையலும் தொங்கும் அழகும் மட்டும். 1980-ல் வந்த 'அமெரிக்கன் ஜிகோலோ'வில் ரிச்சர்ட் கியர் சட்டைகளையும் டைகளையும் கட்டில்மேல் பரப்பி, எதற்கு எது சேரும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. கதை அந்த நேரம் நின்றுவிடுகிறது, துணிதான் நடிக்கிறது. அவ்வளவும் ஜார்ஜியோ அர்மானி. அமெரிக்காவில் அந்த இத்தாலியரின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிய வந்ததற்கு இந்தப் படம் பெரிய காரணம். 1982-ல் டைம் பத்திரிகையின் அட்டையிலேயே வந்துவிட்டார். ஜேம்ஸ் பாண்டு விஷயத்தில் எல்லாம் வெளிப்படை. 1995-ல் 'கோல்டன் ஐ' படத்திலிருந்து கையில் ஒமேகா கடிகாரம், உடம்பில் பிரியோனி கோட்டு. 2008 முதல் கோட்டு டாம் ஃபோர்டு. கொரியத் தொடர்களில் நாயகி ஒரு மேல்கோட்டோ உதட்டுச்சாயமோ போட்டு வந்தால் மறுநாள் கடையில் தீர்ந்துவிடும். 2013-14-ல் ஜுன் ஜி-ஹியுன் நடித்த 'நட்சத்திரத்திலிருந்து வந்தவர்' என்ற தொடர் அப்படித்தான் ஆசியா முழுக்க உதட்டுச்சாயத்தை விற்றுக் கொடுத்தது.

நம் பக்கம் இதற்கு ஓர் அடக்கமான சொல் இருக்கிறது: 'உடை உதவி'. சீரியலின் கடைசியில் எழுத்து ஓடும்போது ஜவுளிக்கடைப் பெயர், நகைக்கடைப் பெயர். 'உதவி' என்பதைப் படித்தால் ஏதோ ஏழை மாணவருக்குச் சீருடை வாங்கிக் கொடுத்ததுபோல இருக்கும். புடவை இரவலாகப் போகிறது, பெயர் திரையில் வருகிறது. இது பண்டமாற்று. சரி, வணிகர் காட்டும் பணிவு என்று விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 80-களில் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு ஊரெல்லாம் நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை. பின்னால் சந்திரமுகி சேலை. இவை பிளேஸ்மென்ட் அல்ல. எந்தக் கம்பெனியும் படத்துக்குள் பொருளை அனுப்பவில்லை. கடைத்தெருதான் படத்தின் பெயரைத் தூக்கித் தன் சரக்குக்கு வைத்துக்கொண்டது. ஓட்டம் எதிர்த்திசையில். இதை 'பட மோஸ்தர்' என்று தனியாகச் சொல்வதே சரி.

'பிராண்ட்' என்ற சொல்லையும் போகிற போக்கில் பார்த்துவிடலாம். அதன் வேர் 'எரிதல்'. காய்ச்சிய இரும்பால் மாட்டின் தோலில் உடையவர் அடையாளத்தைச் சுட்டது, பிறகு பீப்பாய்க்கும் பெட்டிக்கும் வந்தது. தமிழிலும் மாட்டுக்குக் குறிசுடுவது என்போம். அந்த வகையில் 'வணிகக்குறி' நேர்த்தியான சொல். ஆனால் 'பிராண்டட் சட்டை' என்று கேட்டு வாங்குகிறவரிடம் 'வணிகக்குறிச் சட்டை' என்று திருத்தப் போனால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பிராண்ட் தமிழில் குடியேறிவிட்டது, இருக்கட்டும்.

புராடக்ட் பிளேஸ்மென்ட் அப்படிக் குடியேறவில்லை, அதனால் தமிழ்ச்சொல்லுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தவர்களும் உண்டு, நடப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தவர்களும் உண்டு. ஜெர்மானியர் அறிவிக்காமல் செய்வதைப் 'பதுங்கிப்போகும் விளம்பரம்' என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். டச்சு மொழியில் கள்ளக்கடத்தல் வாடை அடிக்கும் சொல். சீன மொழியில் 'நட்டு உள்ளே வைத்த விளம்பரம்'. கொரியச் சட்டம் 'மறைமுக விளம்பரம்' என்கிறது, மக்கள் ஆங்கிலப் பெயரையே 'பிபிஎல்' என்று சுருக்கிவிட்டார்கள்.

தமிழில் முதலில் தோன்றுவது 'பொருள் வைப்பு', 'பொருள் இடமளிப்பு' போன்றவை. இரண்டும் உதவாது. வைப்பு என்றதும் வங்கி நினைவுக்கு வரும். 'பொருள்' என்பது தமிழில் அர்த்தமும் ஆகும், செல்வமும் ஆகும். 'படத்தில் பொருள் வைத்திருக்கிறார்' என்றால் இயக்குநரைப் பாராட்டுவதாகிவிடும். 'மறைமுக விளம்பரம்' நல்ல தமிழ்தான், ஆனால் அகலம் அதிகம். சாராய நிறுவனம் அதே பெயரில் சோடா விற்று விளம்பரம் செய்வதும் மறைமுக விளம்பரம்தானே. தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமத்தைத் துணைக்கு அழைத்து 'உள்ளுறை விளம்பரம்' என்று சொல்ல ஆசை வரும். அழகான சொல், அதுவே அதன் குறை. தோழி வண்டையும் பூவையும் சொல்லித் தலைவனுக்குக் குறிப்புணர்த்துவதும் நாயகன் தேநீர்த்தூளின் பெயரைச் சொல்லிவிட்டு வசனத்தைத் தொடர்வதும் ஒன்றாகாது. இன்னொரு பக்கம் 'உள்ளடி விளம்பரம்' என்றால் வசவாகிவிடும்.

என் தேர்வு 'செருகு விளம்பரம்'. கம்பராமாயணப் பதிப்புகளில் கம்பர் பாடியவை அல்ல என்று ஒதுக்கி, 'மிகைப்பாடல்கள்' எனத் தனியே அச்சிடுவார்களே, அவற்றை இடைச்செருகல் என்றுதான் தமிழறிஞர்கள் சொன்னார்கள். வேறொருவர் தன் தேவைக்காக ஒரு படைப்புக்குள் நுழைத்தது என்ற கருத்து அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. கணித்தமிழில் ப்ளக்-இன் என்பதற்குச் 'செருகுநிரல்' நன்றாகவே புழங்குகிறது. மேலே பார்த்த 'ப்ளக்' என்பதற்கும் நேராக வருகிறது. எல்லாவற்றுக்கும் மேல் வினையாக வளைகிறது: செருகினார்கள், செருகக் கொடுத்தார்கள், செருகிய பொருள், செருகுக் கட்டணம். உடையானால் 'செருகு உடை' என்று சொல்ல வேண்டாம், கொசுவம் செருகுவது நினைவுக்கு வரும். 'உடைவழி விளம்பரம்' என்றால் புரியும்.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. 'சூப்பர்மேன்' படத்தின் இரண்டாம் பாகத்தில் மார்ல்போரோ சிகரெட் பெயர் வருவதற்கு அதன் நிறுவனம் சுமார் 42,000 டாலர் கொடுத்தது. குழந்தைகள் பார்க்கும் படம். அமெரிக்காவில் 1998-ல் மாநிலங்களோடு சிகரெட் நிறுவனங்கள் செய்துகொண்ட உடன்பாடு இப்படிக் காசு கொடுப்பதைத் தடுத்தது. இந்தியாவில் 2012 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த விதிகள், படத்திலும் தொலைக்காட்சியிலும் புகையிலைப் பிராண்டைக் காட்டுவதையும் புகையிலைப் பொருளுக்கான எந்த வகைப் பிளேஸ்மென்டையும் தடுக்கின்றன. ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் ஓடுவது நமக்குப் பழக்கம்; அதே விதிகளின் பிள்ளைதான் இதுவும். பிரிட்டனில் 2011 பிப்ரவரி 28-ல் தொலைக்காட்சியில் இதற்கு அனுமதி கிடைத்தபோது, நிகழ்ச்சியின் தொடக்கத்தில் 'பி' என்ற எழுத்துச் சின்னத்தைக் காட்டியாக வேண்டும் என்று கட்டளை வந்தது. முதலில் நுழைந்தது காலை நிகழ்ச்சி ஒன்றின் சமையல் மேடையில் இருந்த நெஸ்கஃபே காபி இயந்திரம். தமிழ்த் தொடர்களிலும் அப்படி ஓரத்தில் 'செ.வி.' என்று போடச் சொன்னால் சில சமையல் நிகழ்ச்சிகளில் அது அணையவே அணையாது.

அண்மையில் வந்த ஒரு வகைக்கு 'பிளேஸ்மென்ட்' என்ற ஆங்கிலமே ஒட்டவில்லை. படப்பிடிப்பு முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, வெறும் மேசையில் கணினி வழியாக ஒரு குளிர்பான டப்பாவைச் சேர்ப்பது, சுவரில் இல்லாத சுவரொட்டியை ஒட்டுவது. அமேசான் தன் தொடர்களில் இதைச் செய்துவருவதாக 2022-ல் அறிவித்தது. ஒரே காட்சியில் இந்த மாதம் ஒரு பிராண்ட், அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றிக்கொள்ளலாம். எதையும் யாரும் எங்கேயும் வைக்கவில்லை, செருகியிருக்கிறார்கள். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இதைக் 'கணினிச் செருகல்' என்று எழுதலாம். நடிகர் கையில் நிஜமாகவே இருந்ததற்கு 'செருகு விளம்பரம்' போதும்.