பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் ஏன் எரிகிறது?

எங்கள் வீட்டுக் கார் 1999 மாடல். தூத்துக்குடி உப்புக்காற்றில் இருபது வருடத்துக்கு மேல் நின்ற வண்டி. போன மழைக்காலத்தில் அதற்கு ஒரு வினோதமான வியாதி வந்தது. பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டில் இடதுபக்க இண்டிகேட்டர் அம்பு மங்கலாக எரியும். காலை எடுத்தால் அணைந்துவிடும். பின்னால் போய்ப் பார்த்தால் இடப்பக்க பிரேக் விளக்கு எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி முனகிக்கொண்டிருந்தது. ஸ்விட்ச் போயிருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும், ஒயரிங்கையே மாற்றிவிடுங்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி மட்டும் வண்டியைப் பார்க்காமலேயே கேட்டார்: "எர்த்தப் பாத்தீயளா?"

பார்க்கவில்லை. விளக்கைக் கழற்றி, அது பாடியோடு சேரும் இடத்தில் இருந்த ஒரே ஒரு ஸ்குரூவையும் அதன் கீழிருந்த துருவையும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்கினார். பத்து நிமிடம். வியாதி போய்விட்டது.

மின்சாரம் பல்பு வரைக்கும் போனால் மட்டும் போதாது, பேட்டரிக்குத் திரும்பியும் வந்தாக வேண்டும். வீட்டில் போகவும் வரவும் இரண்டு ஒயர் இழுக்கிறோம். காரில் அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டார்கள். போவதற்குத்தான் ஒயர்; திரும்பி வருவதற்கு இரும்பு பாடியே வழி. பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். இதைத்தான் எர்த் என்கிறோம். பெயர்தான் எர்த், தரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வண்டி நாலு ரப்பர் டயரில் நிற்கிறது. (1960கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். அந்தக் காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் புது ரேடியோ மாட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.)

சரி, என் வண்டிக்கு வருவோம். பின்விளக்குக்குள் இருந்த எல்லா பல்புகளும் ஒரே தகட்டில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தத் தகடு ஒரே ஸ்குரூ வழியாகத்தான் பாடியைத் தொடுகிறது. ஸ்குரூ துருப்பிடித்ததும் வாசல் அடைந்துவிட்டது. பிரேக்கை மிதித்ததும் பிரேக் பல்பின் 21 வாட் இழை வழியாகத் தகட்டுக்கு வந்த மின்சாரம் வேறு வழி தேடுகிறது. பக்கத்திலேயே இண்டிகேட்டர் பல்பு. அதற்குள் தலைகீழாக நுழைந்து, இண்டிகேட்டர் ஒயரைப் பிடித்து முன்பக்கம் போய், முன் இண்டிகேட்டர் பல்பு வழியாக நல்ல எர்த்தை அடைகிறது. டேஷ்போர்டு அம்பும் அதே ஒயரில்தான் தொங்குகிறது. இப்போது 12 வோல்ட்டை மூன்று பல்புகள் வரிசையில் பங்கு போட்டுக்கொள்கின்றன. யாருக்கும் வயிறு நிறையவில்லை. அதனால்தான் எல்லாமே மங்கல். சம்பந்தமில்லாத இரண்டு விளக்குகள் சேர்ந்து கூத்தடித்தால், பத்துக்கு ஒன்பது தடவை எர்த்தான்.

இதில் என்னை ஏமாற்றியது மீட்டர். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வைத்து அளந்தேன். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். டிஜிட்டல் மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மைக்ரோ ஆம்பியர் கணக்கு. பல்புக்கோ 1.75 ஆம்பியர் வேண்டும். ஒற்றையடிப் பாதையில் தபால்காரர் சைக்கிளில் போய்விடுவார்; அதை வைத்துத் தேர் ஓடும் என்று சொல்ல முடியுமா? உள்ளே ஒரே ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியிருக்கும் ஒயரையும் மீட்டர் "நல்லாயிருக்கு" என்றுதான் சொல்லும்.

அண்ணாச்சி அளந்த விதம் வேறு. பல்பைப் போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை விளக்குத் தகட்டிலும் வைத்தார். இரண்டும் ஒரே எர்த் என்றால் அங்கே ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். காட்டியது 7 வோல்ட். அவ்வளவும் துரு தின்ற வோல்ட்.

பளபளவென்று இருக்கும் இரண்டு தகடுகளைச் சேர்த்து முடுக்கினாலும், அவை உண்மையில் தொட்டுக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத சில மேடுகளில்தான். மின்சாரம் முழுக்க அந்தப் புள்ளிகள் வழியாகவே போகிறது. ஈரமும் உப்பும் உள்ளே புகுந்தால் மேடுகளின் மேல் துருவும் களிம்பும் படிகின்றன. துரு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கொஞ்சம் தடை வந்தால் அந்த இடம் சூடாகும். சூடானால் இன்னும் வேகமாகப் படியும். இந்த அரிப்பைப் படிப்பதே ஒரு துறை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அதற்காக மண்டபம் கடற்கரையில் ஒரு கிளை வைத்திருக்கிறது. எங்கள் ஊரிலும் ஒன்று உண்டு.

தடை சிறியதுதானே என்று விட முடியாது. ஹெட்லைட் 55 வாட் என்றால் 4.6 ஆம்பியர். கால் ஓம் தடை இருந்தால் ஏறத்தாழ ஒரு வோல்ட் அங்கேயே போய்விடும். இழை விளக்கில் ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் கால்வாசி காணாமல் போகும். கண்ணாடி மாற்றலாமா, கண்ணில் புரையா என்று யோசிப்பதற்கு முன் எர்த்தைப் பார்க்கலாம்.

செல்ஃப் மோட்டார் இன்னும் பெரிய ஆசாமி. நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அங்கே 0.05 ஓம் தடை இருந்தாலே 5 வோல்ட் போச்சு. 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றினால் அமிலத்தோடு சேர்ந்து நுரைத்துக் கழுவிக்கொண்டு போகும். கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

முனை சுத்தமாக இருந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டையைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அதற்கு அந்தப் பட்டைதான் எர்த். அது அறுந்துபோன வண்டிகளில் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய், கேபிள் தொட்டால் சுடும் அளவுக்குச் சூடாவதுண்டு. மெக்கானிக் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார்!

ஃபியூஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று. அடிக்கடி போகிறது என்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றினாலோ 10 ஆம்பியர் இடத்தில் 30 போட்டாலோ, அடுத்து உருகப்போவது ஒயர்.

இதுவரை பார்த்தது பாதை அடைபட்டதால் வந்த வம்பு. மூட வேண்டிய பாதை திறந்தே கிடந்தால் அது வேறு வம்பு. சரியான எர்த் கிடைத்த கொஞ்ச நாளில், இரண்டு நாள் நிறுத்தினால் மூன்றாம் நாள் காலை எங்கள் வண்டி செல்ஃப் எடுக்க மறுத்தது. பேட்டரி புதுசு. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் காட்டியது, எனவே பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் குற்றவாளி இல்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய ஒயருக்கும் இடையே மீட்டரை ஆம்பியரில் வைத்தால் 0.05-க்குள் இருக்க வேண்டும். 0.4 காட்டியது. கணக்குப் போட்டால் 5 வாட். ஒரு சின்ன பல்பு. 35 ஆம்பியர்-மணி பேட்டரியை அது நாலு நாளில் காலி செய்துவிடும். செல்ஃப் அதற்கு வெகு முன்பே கைவிரித்துவிடும்.

டிக்கி விளக்கின் மேல் சந்தேகம். ஆனால் மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? என் மகள் போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினாள். திறந்து பார்த்தால் ஸ்டெப்னி, ஜாக்கி, பழைய துணி எல்லாம் கல்யாண வீடு மாதிரி வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன. ஸ்விட்சை அழுத்த வேண்டிய ரப்பர் புஷ் தேய்ந்துபோய் மூடியில் எட்டவே இல்லை.