அழுதது யார்? ஒலிநூலில் குரல் செய்யும் வேலை

‘அம்மா அழுதுகொண்டே ஓடிய குழந்தையைத் தூக்கினாள்.’ இதில் அழுதது யார்? தாளில் பார்த்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘அம்மா’ என்று சொல்லி அரை நொடி நிறுத்தினால் அழுதது குழந்தை. ‘அழுதுகொண்டே’ வரை ஒரே மூச்சில் வந்து நிறுத்தினால் அழுதது அம்மா.

ஒலிநூலில் இந்த மாதிரி முடிவுகளை எல்லாம் நமக்காக எடுப்பவர் வாசிப்பவர்தான். புத்தகம் என்றால் வாக்கியம் குழப்பும்போது கண் தானாகப் பின்னால் போய் மறுபடி படித்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. கேட்ட ஒலியை மனதுக்குள் திரும்பச் சொல்லிக்கொள்ளாவிட்டால், அதன் தடம் சுமார் 2 நொடியில் மங்கிவிடும். அதற்குள் பொருள் பிடிபட வேண்டும்.

தமிழில் வாசிப்பவருக்கு வேலை கூடுதல். நம் வினைமுற்று கடைசியில்தான் வரும். ‘வந்து, பார்த்து, கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான்’ என்பது போல எச்சங்கள் அடுக்கடுக்காக வரும்போது ஒவ்வொன்றிலும் குரல் இறங்கினால், வாக்கியம் முடிந்துவிட்டதாகக் காது எடுத்துக்கொள்ளும். அதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. குரல்நாண்கள் ஆண்களுக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்களுக்குச் சுமார் இருநூறு முறையும் அதிர்கின்றன. பேசப் பேச நுரையீரல் காற்றின் அழுத்தம் குறையும். அதிர்வும் குறைந்து சுருதி இறங்கும். பிறந்ததிலிருந்து இதையே கேட்டு வளர்ந்ததால், இறக்கம் என்றால் முடிவு என்று பழகிவிட்டோம். நல்ல வாசிப்பாளர் குரலை வழியில் எங்கும் இறக்காமல், தலைச்சுமையைச் சுமைதாங்கிக் கல் வரை கொண்டுபோவதைப் போல, ‘போனான்’ வரை கொண்டுவந்து இறக்குவார். என்னைக் கேட்டால், குரல் இனிமையாக இருப்பதைவிட இது முக்கியம்.

அப்புறம் உரையாடல். கதை எழுத்துத் தமிழில் நடக்கும். பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசுவார்கள். மேற்கோள் குறி காதுக்குக் கேட்காது. யார் பேசுகிறார் என்பதைக் குரலின் சிறு மாற்றம் ஒன்றே காட்ட வேண்டும். அதற்காக நாடகம் போல ஆளுக்கொரு குரலில் கத்தத் தேவையில்லை. வேகமும் சுருதியும் கொஞ்சம் மாறினால் போதும்.

சில குரல்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருப்பதில் மைக்குக்கும் பங்கு உண்டு. ஒரு திசை ஒலியை மட்டும் வாங்கும் மைக்கை வாயருகே வைத்தால் தாழ்ந்த சுருதிகள் தடித்துப் பதிவாகும். ஹெட்போனில் அந்தக் குரல் தலைக்குள்ளேயே ஒலிப்பது போலத் தோன்றும்.

சரி, முதலில் ஒட்டாத குரல் போகப் போகப் பிடித்துப்போவது ஏன்? அமெரிக்க உளவியலாளர்கள் லின் நைகார்டும் குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு தடயம் தருகிறது. சிலருடைய குரல்களைக் கேட்டுப் பழகியவர்கள், அதே குரல்கள் சொன்ன புதிய சொற்களை இரைச்சலுக்கு நடுவிலும் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதாவது, சொல்லைக் கேட்கும்போதே அந்த ஆள் அதை எப்படி உச்சரிக்கிறார் என்பதையும் மூளை கற்றுக்கொள்கிறது. அந்த ‘ழ’வும், மூச்சு வாங்கும் இடமும் பழகிய பிறகு, குரலைப் புரிந்துகொள்ளச் செலவான கவனம் கதைக்குக் கிடைக்கிறது. அதனால்தான் புதிய வாசிப்பாளர் என்றால் முதல் அத்தியாயம் முடியும் வரை நான் நூலை நிறுத்துவதில்லை.