எரிக்காத பெல்லட்டும் ஆளைக் கொல்லும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள டிராக்ஸ் அனல்மின் நிலையம் நிலக்கரிக்காகக் கட்டப்பட்டது. இன்று அதன் நான்கு யூனிட்கள் மர பெல்லட் என்ற எரிபொருளில் ஓடுகின்றன. சரக்கில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறது. புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, 2012-ல் ஜப்பான் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு நிலையான கொள்முதல் விலை கொண்டுவந்தது. அதிலிருந்து அங்கேயும் பெல்லட் தேவை ஏறிக்கொண்டே போகிறது. வியட்நாம் பெல்லட் பெருமளவில் ஜப்பானுக்கும் தென் கொரியாவுக்கும் போகிறது. மரத்தை வெட்டி எரிப்பது பசுமையா என்ற விவாதம் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். கப்பல் சரக்குப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் நான் சொல்ல வந்தது வேறு விஷயம்.

பெல்லட் என்பது மரத்தூளைக் காயவைத்து, அழுத்தி, விரல் தடிமனுக்கும் குறைவான குச்சிகளாக எடுத்தது. பார்த்தால் மாட்டுத் தீவனம் போலச் சாதுவாக இருக்கும். ஆனால் மரத்தில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கின்றன. பைன் மரத்தில் இது அதிகம், வெயில் ஏறினால் இன்னும் வேகம். தீயே இல்லாமல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது, ஆக்ஸிஜனும் குறைகிறது. கப்பலின் மூடிய ஹோல்டில், அதாவது சரக்கு அறையில், வாரக்கணக்கில் கடல் தாண்டி வரும் சரக்கில் என்ன சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

2006 நவம்பரில் ஸ்வீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில் 'சாகா ஸ்ப்ரே' என்ற கப்பலில் நடந்தது இதுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து பெல்லட் ஏற்றி வந்த கப்பல் அது. ஹோல்டை ஒட்டிய படிக்கட்டு வழியில் இறங்கிய மாலுமி ஒருவர் இறந்தார். துறைமுகத் தொழிலாளி ஒருவர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார், காப்பாற்றப் போனவர்கள் சிலருக்கும் பாதிப்பு. இறந்த மாலுமி இறங்கியது ஹோல்டுக்குள் அல்ல, பக்கத்துப் படிக்கட்டில் என்பதைக் கவனியுங்கள். வாயு அங்கேயும் கசிந்து தங்கும்.

வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு ஒன்று உண்டு. ஆக்ஸிஜன் மீட்டரை மட்டும் காட்டிவிட்டு, "ரீடிங் சரியாத்தானே இருக்கு" என்று இறங்கத் தயாராகிவிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு 1200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1200 பங்கு) இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. அது காற்றில் 0.12 சதவீதம்தான், அதனால் மட்டும் ஆக்ஸிஜன் ரீடிங் அசையாது. இரண்டையும் அளக்கும் மீட்டர் வேண்டும், மேலே, நடுவில், அடியில் என்று தனித்தனியாக அளக்க வேண்டும். மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் திடச் சரக்குகளுக்கான சர்வதேசக் கப்பல் விதித்தொகுப்பு 2011 முதல் கட்டாயம். ஆக்ஸிஜன் இயல்பு அளவுக்குத் திரும்பி, கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம்முக்குக் கீழே வந்த பிறகுதான் ஹோல்டிலும் அதை ஒட்டிய இடங்களிலும் ஆள் நுழையலாம் என்கிறது அது.

கப்பலோடு இது முடிவதில்லை. வீட்டைச் சூடாக்க பெல்லட் வாங்கி அடைத்து வைக்கும் ஐரோப்பாவில், 2010-ல் ஜெர்மனியில் ஓர் எஞ்சினியரும் 2011-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு கர்ப்பிணியும் பெல்லட் கிடங்குக்குள் போய் உயிரிழந்தார்கள். இந்தியாவிலும் நிலக்கரி மின் நிலையங்கள் 2024-25-ல் 5 சதவீதம் உயிரி எரிபொருள் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்தது. இங்கே பெரும்பாலும் வேளாண் கழிவு பெல்லட்தான். வாயு கூடவோ குறையவோ வரலாம். அடைத்த கிடங்கில் அதை மீட்டர் வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சரி, கிடங்கு வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? மேலும் கீழும் காற்றோட்ட வழி வையுங்கள், சரக்கு நனையாமல் பாருங்கள். நனைந்தால் ஊதிப் பொடிந்துவிடும், உள்ளே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். கதவைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, அளந்த பிறகே ஆளை அனுப்புங்கள், வெளியே ஒருவர் நிற்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், நிற்பவர் மூச்சுக்கருவி இல்லாமல் உள்ளே ஓடக்கூடாது. முதலில் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். இதைச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்பே ஒவ்வொரு தொழிலாளியிடமும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிவிடுங்கள்.