கிராஸ் கோர்ட்: புல்லா, குறுக்கா?

டென்னிஸ் வீரரைப் பற்றி "அல்கராஸ் கிராஸ் கோர்ட்டில் கெட்டிக்காரர்" என்று தமிழில் ஒரு வரி எழுதினால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. புல் வளர்த்த களத்தில் கெட்டிக்காரர் என்றும் படிக்கலாம், பந்தை மூலைக்கு மூலை குறுக்காக அடிப்பதில் கெட்டிக்காரர் என்றும் படிக்கலாம். 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டனை வென்ற அவருக்கு இரண்டுமே பொருந்துவதால் குழப்பம் கண்ணில் படாமல் போகிறது. வேறொருவரைப் பற்றி எழுதும்போது அது அப்பட்டமாகத் தெரியும்: "அவருக்கு கிராஸ் கோர்ட் வராது." எது வராது?

காரணம் நம் எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள். ஒன்று மெல்லொலியில் தொடங்குகிறது, மற்றது வல்லொலியில். தமிழில் இரண்டுக்கும் ஒரே ககரம்தான். சொல்லின் முதலில் வரும் ககரத்தை வல்லொலியாக வாசிப்பது நம் மரபு. எனவே "கிராஸ்" என்று எழுதியதுமே வாசிப்பவர் மனம் "குறுக்கு" என்ற பக்கம்தான் சாயும். சேலத்தில் வீட்டு முகவரியில் "முதல் கிராஸ்" என்றால் குறுக்குத் தெரு. யாரும் அங்கே புல்லைத் தேடுவதில்லை. ஆக, புல்தரையைக் குறிக்க "கிராஸ் கோர்ட்" என்று எழுதுகிறவர், சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பக்கத்துக்கு வாசகரை அனுப்பிவைக்கிறார்.

முதலில் குறுக்கு. பந்தை அடிப்பவர் நிற்கும் மூலையிலிருந்து எதிராளியின் எதிர்மூலைக்குச் செலுத்தும் அடி இது. பள்ளிக் கணக்கில் மூலைவிட்டம் என்று படித்தோமே, அதே கோடு. ஒற்றையர் களத்தின் நீளம் 23.77 மீட்டர், அகலம் 8.23 மீட்டர். மூலைவிட்டத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 25.15 மீட்டர் வரும். நேராக அடிப்பதைவிடக் குறுக்காக அடிக்கும்போது சுமார் 1.4 மீட்டர் கூடுதல் இடம் கிடைக்கிறது. அதோடு, வலை நடுவில் 0.914 மீட்டர் உயரம்தான். கம்பங்களின் பக்கம் 1.07 மீட்டர். குறுக்கே போகும் பந்து வலையின் தாழ்ந்த பகுதியைக் கடந்து போகும். பயிற்சியாளர்கள் "சந்தேகம் வந்தால் குறுக்கே அடி" என்று சொல்வதற்கு இந்த இரண்டு அளவுகளே காரணம். இதற்குக் "குறுக்கடி" என்ற சொல் போதும். மூலைவிட்ட அடி என்பதும் சரிதான், ஆனால் ஓடும் ஆட்டத்தைச் சொல்ல அது நீளம். கோட்டை ஒட்டி நேராகப் போவதை "நேரடி" என்றால் வேறு பொருளாகிவிடும். "கோட்டோர அடி" என்பதே தெளிவு.

அடுத்து கோர்ட். தமிழ்நாட்டில் "கோர்ட்டுக்குப் போனார்" என்றால் வக்கீலோடு போனார் என்றுதான் அர்த்தம். இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் "கோஹார்ஸ்", அதாவது சுற்றி அடைத்த முற்றம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அரசனின் முற்றம் அரசவையாயிற்று, அரசவை வழக்கு கேட்கும் இடமாயிற்று; இன்னொரு பக்கம், சுவர் சூழ்ந்த முற்றத்தில் பந்தாடியதால் ஆடுமிடமும் அதே பெயர் பெற்றது. தமிழில் "மன்றம்" நடந்த பாதையும் கிட்டத்தட்ட இதுவே. ஊர்ப் பொதுவிடம், மரத்தடி வெளி, பிறகு அவை, பிறகு நீதிமன்றம். டென்னிஸுக்கு அந்தச் சொல்லையே எடுத்திருக்கலாம். இன்று மன்றம் என்றால் ரசிகர் மன்றமும் நற்பணி மன்றமும்தான் நினைவுக்கு வருகின்றன. களம் அப்படி இல்லை. சேலம் சுற்றுவட்டாரத்தில் களம் என்றால் கதிரடிக்கும் இடம்: மேடு பள்ளம் பார்த்துச் சமன்செய்து, நீர் தெளித்து, இறுக்கி, சாணம் மெழுகிய தரை. டென்னிஸ் தரையைத் தயாரிப்பதும் இதே ஒழுங்கில்தான். ஆடுகளம் என்ற சொல் நூற்றுக்கு நூறு பொருந்துகிறது.

இனிப் புல். தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் கெட்டியாக இருப்பவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் மூங்கிலும்கூடப் புல்தான். கன்னடத்தில் இதே சொல் ஹுல்லு; மேட்டூர்ப் பக்கம் இரண்டு மொழியும் பேசும் வீடுகளில் இந்த உறவு சொல்லாமலே விளங்கும். ஆங்கிலச் சொல்லோ பச்சை, வளர்தல் என்ற சொற்களோடு ஒரே வேரில் பிறந்தது.

புல்லையும் தரையையும் இலக்கணப்படி சேர்த்தால் "புற்றரை" ஆகும். கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆவதைப் போல. பழந்தமிழ் நடைக்கு அது அழகு. விளையாட்டுச் செய்திக்கு ஆகாது. வேகமாகப் படிக்கும் கண் அதைப் புற்று, அரை என்று உடைத்துக்கொள்ளும். "புற்களம்" என்று புதிதாகச் செய்தால் புற்கள் என்ற பன்மை காதில் விழும். "புல்வெளி" நல்ல சொல், ஆனால் அது மாடு மேயும் இடத்தையும் பூங்காவையும் குறிக்கும். 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, உருளை ஓட்டி இறுக்கிய தரையை வெளி என்று சொல்வது பொருத்தமில்லை. நாளிதழ்கள் பல காலமாக எழுதிவரும் "புல்தரை" இவை எல்லாவற்றையும்விட மேல். பரப்பைச் சொல்லப் புல்தரை, இடத்தைச் சொல்லப் புல்தரை ஆடுகளம், பருவத்தைச் சொல்லப் புல்தரைப் போட்டிகள்.

"லான் டென்னிஸ்" என்பது தனிக் கதை. லான் என்பதும் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. மரங்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் வெளி என்பது அதன் பழம்பொருள். 1874இல் வால்டர் விங்ஃபீல்ட் என்ற ராணுவ அதிகாரி புல்லில் ஆடும் இந்த ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1877இல் முதல் விம்பிள்டன் நடந்தது. சுவர்களுக்கு நடுவே ஆடிய பழைய டென்னிஸிலிருந்து பிரித்துக் காட்டத்தான் லான் என்ற அடைமொழி. அதனால்தான் சிமெண்டில் ஆடினாலும் அதற்கு லான் டென்னிஸ் என்றே பெயர் நிலைத்தது. சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 1977இல் தன் பெயரிலிருந்து லானை எடுத்துவிட்டது. நம் ஊர் விளையாட்டுக் கடைகளில் டேபிள் டென்னிஸிலிருந்து பிரிக்க இன்னும் சொல்கிறோம். அந்த லானைப் புல்தரை என்று மொழிபெயர்ப்பது பிழை. வரிப்பந்தாட்டம் என்ற சொல் ஈழத்து வழக்கில் நன்றாகவே ஓடுகிறது. இங்கே டென்னிஸ் என்பதே எல்லோருக்கும் புரிகிறது.

புல்தரைக்கு இணையாக வழங்கும் "களிமண் தரை" என்ற சொல்லின் மீதும் எங்களுக்குக் குறை உண்டு. பாரிஸில் பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலண்ட் கேரோஸில் காலுக்கடியில் சிவப்பாகத் தெரிவது களிமண் கிடையாது, செங்கல்லை அரைத்த பொடி. அதுவும் சில மில்லிமீட்டர் கனம்தான். அடியில் நொறுக்கிய சுண்ணாம்புக்கல். உண்மையான களிமண் இருப்பது விம்பிள்டன் புல்லுக்கு அடியில். புல் வேரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காய்ந்ததும் இறுகி, பந்தை எழுப்பிக் கொடுப்பது அந்தக் களிப்பாங்கான மண்தான். பெயர்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. சேலத்தில் பேச்சில் வழங்கும் "மண் கோர்ட்" இதைவிட நேர்மையான பெயர். எழுத்தில் செம்மண் தரை என்றால் பாரிஸுக்கும் பொருந்தும், நம் ஊருக்கும் பொருந்தும்.

புல்தரை என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று தெரிந்தால்தான் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியும். புல்லில் உராய்வு குறைவு. பந்து தரையைத் தொட்டதும் முன்னோக்கிய வேகத்தை அதிகம் இழக்காமல் சறுக்கிக்கொண்டு போகிறது. எழும்பும் உயரமும் குறைவு. பின்சுழல் கொடுத்து வெட்டிய ஸ்லைஸ் பந்து முழங்காலுக்குக் கீழேயே தங்கிவிடும். செம்மண் தரையில் உராய்வு பந்தைப் பிடித்து நிறுத்தித் தூக்கிவிடும். மேற்சுழல் போடுகிறவருக்கு அது சொர்க்கம். புல்தரையில் ஸ்லைஸ் போட்ட குறுக்கடி ஒன்று ஓரக்கோட்டுக்கு வெளியே சறுக்கி ஓடும்போது, எதிராளி குனிந்து, வளைந்து, கீழிருந்து மேலாகத்தான் தூக்க முடியும். பந்தைத் தூக்கியவர் புள்ளியை இழப்பார். புல்லும் குறுக்கும் ஒரே அடியில் சந்திக்கும் இடம் இது. இதைத் தமிழில் "கிராஸ் கோர்ட்டில் கிராஸ் கோர்ட்" என்று எழுதிப் பாருங்கள். சொல் பிரிப்பு ஏன் தேவை என்று புரியும்.

"புல்தரை இப்போது மெதுவாகிவிட்டது" என்ற பேச்சில் பாதி உண்மை. விம்பிள்டனில் 2001 முதல் முழுக்க ரை என்ற புல்வகை மட்டுமே. அதற்கு முன் 70 பங்கு ரை, 30 பங்கு சிவப்பு ஃபெஸ்க்யூ. ரை அதிக மிதியைத் தாங்கும். கீழே மண்ணையும் இறுக்கமாக வைத்துக்கொள்ள முடிந்ததால் பந்து முன்பைவிட ஒழுங்காக, உயரமாக எழும்புகிறது. திருப்பி அடிப்பவருக்கு அரை நொடிக்கும் குறைவான கூடுதல் அவகாசம்; அது போதும். இதோடு மட்டையில் கட்டும் பாலியெஸ்டர் நரம்பும் சேர்ந்துகொண்டது. வலைக்கு ஓடிவருபவரின் காலடியில் பந்தை இறக்கும் சுழலை அது எளிதாக்கியது. 2001இல் ஃபெடரரும் சாம்ப்ராஸும் மோதிய நான்காம் சுற்றில் இருவருமே சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடினார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் ஹெவிட்டும் நால்பாண்டியனும் ஆடியபோது வலைக்கு ஓடும் அந்த ஆட்டத்தைக் காணவே இல்லை என்று சொல்லலாம். பழியைப் புல்லின் மீது மட்டும் போடுவது நியாயமில்லை. நரம்புக்கும் பயிற்சிமுறைக்கும் சமபங்கு உண்டு.

உண்மையான அநியாயம் நாள்காட்டியில் இருக்கிறது. 1974 வரை நான்கு கிராண்ட்ஸ்லாம்களில் மூன்று புல்தரையில் நடந்தன. அமெரிக்கா 1975இல் விட்டது, ஆஸ்திரேலியா 1988இல் விட்டது. இன்று ரோலண்ட் கேரோஸ் முடிந்து விம்பிள்டன் தொடங்க மூன்று வாரம். அதற்குள் ஸ்டுட்கார்ட், ஹாலே, குயின்ஸ் என்று அவசர அவசரமாக ஆடிவிட்டு வர வேண்டும். கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த தரமான மாஸ்டர்ஸ் 1000 போட்டி ஒன்றுகூடப் புல்தரையில் இல்லை. வைகாசிக் கடைசியில் தொடங்கி, பெரும்பாலும் ஆடி பிறக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆண்டின் மிகப் பெரிய கோப்பையைத் தீர்மானிக்கும் தரைக்கு ஒன்றரை மாதம் கூடக் கிடைக்காதது சரியில்லை.

நம் ஆட்டக்காரர்களுக்கு இந்தத் தரைதான் கை கொடுத்தது. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி. விஜய் அமிர்தராஜ் 1973இலும் 1981இலும் காலிறுதி. ரமேஷ் கிருஷ்ணன் 1986இல் காலிறுதி. மூவருமே முரட்டு வேகத்தை நம்பாமல், பந்து தாழ்வாக வருவதைக் கணித்து மென்கையால் திருப்பியவர்கள். 2019இல் இத்தாலியை டேவிஸ் கோப்பையில் எதிர்கொள்ள இந்தியா கொல்கத்தாவின் புல்தரையைத் தேர்ந்தெடுத்ததும் இந்த நம்பிக்கையில்தான். தோற்றோம் என்றாலும் தேர்வு சரியானது.

இங்கே அப்படியொரு தரை போட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: சேலம் நகரத்தில் ரை புல்லை நினைக்கவே வேண்டாம். அது குளிர்நிலப் புல். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் கருகிவிடும். அருகுதான் நமக்கு வழி. சுற்றிலும் ஓட இடம் விட்டால் ஒரு களத்துக்கு 36.6 மீட்டர் நீளமும் 18.3 மீட்டர் அகலமும் தேவை. கோரைக்கிழங்கைத் தோண்டி எடுக்காமல் நட்டால் பிறகு எடுக்கவே முடியாது. கோரை முளைத்த இடத்தில் பந்து கோணலாகத் தெறிக்கும். நாட்டு அருகை விம்பிள்டன் பாணியில் 8 மில்லிமீட்டருக்கு வெட்டினால் இலை போய்த் தண்டு மட்டும் மிஞ்சும், தரை பழுப்பாகும். 12 முதல் 15 வரை வைத்துக்கொள்வதே நலம். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. உருளை ஓட்டுவது மண் ஈரப்பதமாக இருக்கும்போது. சேறாக இருக்கும்போது ஓட்டினால் மேல்மண் மூடிக்கொண்டு நீர் இறங்காது. கோடு போடச் சுட்ட சுண்ணாம்பை அப்படியே தூவினால் கோட்டோடு புல்லும் பொசுங்கும்.

ஏற்காட்டில் குளிர் இருக்கிறது, வேறு இரண்டு சிக்கலும் இருக்கின்றன. ஒன்று நிழல். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெட்டிய தட்டில் காலை வெயில் எட்டாவிட்டால் அருகு மெலிந்து பாசி ஏறும். மற்றது உயரம். சேர்வராயன் மலை மேல் சுமார் 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி குறைவு. சேலத்தின் 280 மீட்டரில் அடங்கிய பந்து அங்கே பறக்கும், கூடுதலாக எழும்பும். சர்வதேச விதி 1,219 மீட்டருக்கு மேல் ஆடத் தனிப் பந்தையே அனுமதிக்கிறது. வழக்கமான பந்தை 254 சென்டிமீட்டரிலிருந்து விட்டால் 135 முதல் 147 வரை எழும்ப வேண்டும். மலைப் பந்துக்கு 122 முதல் 135. இந்தப் பந்து இல்லாமல் ஏற்காட்டில் புல்தரையின் தாழ்வான எழும்பலை எதிர்பார்க்க முடியாது.

புல்தரை என்ற பெயருக்கு மட்டும் பொருந்தும் இன்னொரு தன்மை, ஆட்டம் அதில் எழுதப்படுவது. முதல் நாள் விம்பிள்டனில் இலையில் ஈரம் இருக்கும், கால் வழுக்கும். இரண்டாம் வாரம் புல் தேய்ந்து மண் தெரியும். பழைய ஒளிப்படங்களில் தேய்ந்த தடம் பின்கோட்டிலிருந்து வலை வரை ஓடும், ஒற்றையடிப் பாதை போல. சர்வீஸ் போட்டவர்கள் ஓடிய வழி அது. 2025இல் சின்னர் அல்கராஸை வென்ற இறுதியிலோ பின்கோடு மட்டும் வெளுத்துக் கிடந்தது. வலையருகே புல் பச்சையாகவே இருந்தது.